பங்குச் சந்தை கேள்வி-பதில்: மச்சான் சொன்ன லாபம்

மின்சார சபையின் பங்கை எந்தத் தரகரிடம் வாங்கலாம்? (உவர்மலை)

யாரிடமும் வாங்க முடியாது. மின்சார சபையும் சரி, மின்சாரம் விநியோகிக்கும் லெக்கோ கம்பனியும் சரி, கொழும்புப் பங்குச் சந்தையில் இல்லை. நிறுவனங்களின் பட்டியல் சந்தையின் இணையத்தளத்தில் இலவசமாகவே கிடக்கிறது. கடிதம் எழுதுமுன் ஒருதரம் பார்த்திருக்கலாம்.

திருகோணமலை எண்ணெய்க் குத ஒப்பந்தத்துக்கு முன்பே, எரிபொருள் விற்கும் லங்கா ஐஓசி கம்பனியின் பங்கு வாங்கியவர்கள் எல்லாரும் உள்தகவல் தெரிந்தவர்கள்தானே? (சீனக்குடா)

அப்படிச் சொல்லிவிட முடியாது. 2022 ஜனவரியில் கைச்சாத்தாகுமுன்பே அந்தப் பேச்சு பத்திரிகைகளில் அடிபட்டது. பேப்பரைப் படித்து வாங்குவது ஊகம். வெளியே வராத, வந்தால் விலையை ஆட்டக்கூடிய தகவலை வைத்து வாங்குவதுதான் குற்றம். வாங்கும் காரணத்தைத் திகதியோடு எழுதி வையுங்கள்.

மலைநாட்டில் நல்ல மழை. நீர்மின் கம்பனிப் பங்கு வாங்கலாமா? (நிலாவெளி)

மழை எல்லார் தலையிலும்தான் பெய்கிறது, தாராளமாக வாங்குங்கள். விற்ற மின்சாரத்துக்குக் கம்பனிக்கு வரவேண்டிய நிலுவை எவ்வளவு என்று காலாண்டு அறிக்கையிலும் பாருங்கள்.

மச்சான் ஒரு மின்னுற்பத்திக் கம்பனியின் கணக்குப் பிரிவில் இருக்கிறார். இந்தக் காலாண்டு லாபம் இரட்டிப்பாம். தன் பெயரில் வாங்கக்கூடாது, உன் சிடிஎஸ் கணக்கில் (பங்குகளை வைத்திருக்கும் கணக்கு) வாங்கி லாபத்தைப் பிரிப்போம் என்கிறார். (கிண்ணியா)

இந்தக் கடிதம் எனக்கு ஓயாமல் வருகிறது. சில தடவை மச்சானுக்குப் பதில் சித்தப்பா, அவ்வளவுதான். கணக்கு யார் பெயரில் என்பதா பிரச்சினை? 'வாங்கு' என்று சொன்ன நேரத்தில் உங்களுக்கு என்ன தெரியும் என்பதுதான் கேள்வி. லாப அறிவிப்பு வந்து விலை ஏறினால், அதற்கு முன் யார் யார் வாங்கினார்கள் என்று, சந்தையைக் கண்காணிக்கும் பிணையங்கள் ஆணைக்குழு பின்னோக்கிப் பார்க்கும். ஆறு மாதம் தூங்கிக் கிடந்த உங்கள் கணக்கு திடீரென்று ஒரே கம்பனியில் ஐந்து இலட்சம் போட்டிருந்தால் கண்ணில் படாதா? அப்புறம் வங்கிக் கணக்கு, தொலைபேசி, உறவுமுறை எல்லாம் வெளியே வரும்.

சொன்னவர் தப்புவார் என்றும் நினைக்க வேண்டாம். 2008 செப்டெம்பரில் அமெரிக்க முதலீட்டு வங்கியான கோல்ட்மன் சாக்ஸின் பணிப்பாளர் ரஜத் குப்தா, பணிப்பாளர் சபைக் கூட்டம் முடிந்த கையோடு, கொழும்பில் பிறந்து அமெரிக்காவில் முதலீட்டு நிதியம் நடத்திய நம் ராஜ் ராஜரத்தினத்துக்குத் தொலைபேசி எடுத்தார். குப்தா பங்கு வாங்கவில்லை, உள்தகவலைச் சொன்னார், அவ்வளவுதான். அவருக்கு 2 ஆண்டு சிறை, வாங்கியவருக்கு 11 ஆண்டு. அது அமெரிக்கா என்பீர்கள். இங்கும் 2021ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கப் பிணையங்கள் ஆணைக்குழுச் சட்டம் குற்றவியல் வழக்கோடு நிற்காமல் குடியியல் வழக்குக்கும் வழி திறந்திருக்கிறது. மச்சானிடம் முடியாது என்று சொல்லுங்கள். கோபித்தால் கோபிக்கட்டும்.

ஒரு நிறுவனத்தின் பணிப்பாளர் சொந்தக் கம்பனிப் பங்கை வாங்கியிருக்கிறார். முறையிடவா? (மூதூர்)

எந்த நிறுவனம், எந்தத் திகதி? இரண்டும் இல்லாமல் கேட்பதென்றால் சாத்திரியாரிடம் போங்கள். பணிப்பாளர் வாங்குவது குற்றமில்லை, அறிவிக்க வேண்டும். நீங்கள் பார்த்ததே அந்த அறிவித்தலாக இருக்கலாம். பெரிய செய்தி ஒன்று வருவதற்குச் சற்று முன் வாங்கியிருந்தால் பிணையங்கள் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள்.

நான் சாரதி. கம்பனியை விற்கப்போவதாகப் பின் இருக்கையில் பெரியவர்கள் பேசினார்கள். பங்கு வாங்கலாமா? (தம்பலகாமம்)

கூடாது. தற்செயலாகக் காதில் விழுந்தாலும் அது உள்தகவல்தான். அறிவிப்பு வரும்வரை பொறுங்கள், பிறகு வாங்குவதென்றால் காரணத்தைத் திகதியோடு எழுதி வையுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களென்றால் எனக்கு எழுதிப் பயனில்லை, சட்டத்தரணியைப் பாருங்கள்.