அயல் வடிவமைப்பில் மாணவரும் துறைசார்ந்தோரும்: வன்னிக்கான கேள்வி பதில்

ஒழுங்கை, கான், சந்தி, பள்ளிக்கூட வாசல் போன்ற இடங்களை மாணவர், பொறியியலாளர், ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து திட்டமிடுவது பற்றிக் கிடைத்த கேள்விகளுக்கு ஒரு நகரத் திட்டமிடலாளர் பதில் தருகிறார்.

அறிவியல்நகர், பொறியியல் மாணவி: சேர், எங்கட குழுவில 12 பேர். ஒரு அயலை எடுத்துச் செய்யப்போறம். எவ்வளவு பெரிய இடம் எடுக்கலாம்? முதல் வேலை என்ன?

ஒரு கிராம அலுவலர் பிரிவு முழுவதையும் எடுக்காதீர்கள், தங்கச்சி. வன்னியில் ஒரு பிரிவுக்குள்ளேயே வயல், குளம், காடு எல்லாம் அடங்கிவிடும். அளந்தே நாட்கள் போய்விடும். ஒரு சந்தியை நடுவாக வையுங்கள். வீதி நீளத்துக்கு இருபுறமும் 400 மீற்றர், அதாவது 5 நிமிட நடை. குறுக்கே மொத்தம் 550 மீற்றர்வரை. 1:500 அளவில் நான்கு ஏ1 தாள்களை ஒட்டினால் 840 × 594 மீற்றர் நிலம் அதில் அடங்கும். ஊரார் சுற்றி நின்று கைவைத்துக் காட்ட அந்த அளவு வசதியானது.

முதல் வேலை கடிதங்கள். பிரதேச செயலாளருக்கு ஒன்று, பிரதேச சபைக்கு ஒன்று, கிராம அலுவலரை நேரில் சந்திப்பது மூன்றாவது. அப்போதே கண்ணிவெடி அகற்றல் முடிந்த பகுதிகள் எவை என்று கேட்டு வரைபடத்தில் குறியுங்கள். பற்றைக்குள் இறங்கி அளப்பதோ, மண் தோண்டிப் பார்ப்பதோ அந்த உறுதி கிடைத்த இடத்தில் மட்டும். எச்சரிக்கைப் பலகை இல்லை என்பதை மட்டும் வைத்துப் பாதுகாப்பான இடம் என்று முடிவுகட்டக் கூடாது.

வவுனியா, புவியியல் மாணவர்: கைபேசி ஜி.பி.எஸ். வைத்து வேலி எல்லைகளைக் குறிக்கலாமா? அடிப்படை வரைபடம் எங்கே எடுப்பது?

குறிக்கவே வேண்டாம். வெட்டவெளியில்கூடக் கைபேசி 3 முதல் 5 மீற்றர்வரை பிழை காட்டும். மர நிழலில் இன்னும் கூடும். ஆனால் அளவுப் பிழையைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. இங்கே பல குடும்பங்களின் காணி, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரக் காணி. இடப்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்தவர்களும் உண்டு. பல்கலைக்கழகப் பெயர் போட்ட படத்தில் ஒரு கோடு இருந்தால், நாளைக்கு அயலவர் அதையே ஆதாரமாகக் கொண்டுவருவார். எல்லையைச் சொல்லும் உரிமை பதிவுபெற்ற நில அளவையாளருக்குத்தான். நீங்கள் கண்ணால் கண்ட வேலியை வரையுங்கள், வேலிக்கு வேலி நாடாவால் அளந்த அகலத்தை எழுதுங்கள், ஒவ்வொரு தாளிலும் ‘இது காணி எல்லை அல்ல’ என்று போடுங்கள்.

அடிப்படைக்கு ஓபன்ஸ்ரீற்மப் என்ற திறந்த இணைய வரைபடம், செய்மதிப் படம், நில அளவைத் திணைக்கள வரைபடம் மூன்றையும் கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் போடுங்கள். ஆள்கூற்று முறையாக இ.பி.எஸ்.ஜி. 5235ஐத் தெரிவுசெய்யுங்கள், அது இலங்கையின் 1999 ஆள்கூற்று வலையத்துக்கான குறியீட்டு எண். கண்டவல என்ற பழைய அளவை அடிப்படையிலான தாள்களில் தொடக்கப் புள்ளி 200,000 மீற்றர் என்றும், புதியதில் 500,000 மீற்றர் என்றும் எடுக்கப்பட்டிருக்கும். இரண்டையும் கலந்தால் ஒரு அடுக்கு வடக்கே 300 கிலோமீற்றர், கிழக்கே 300 கிலோமீற்றர் தள்ளிப்போய் விழும். ‘கோப்பு பழுது’ என்று மாணவர் அலைவது பெரும்பாலும் இதனால்தான்.

பரந்தன், கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளர்: பிள்ளையள் வருவினம், அளப்பினம், படம் காட்டுவினம், போவினம். பிறகு ஒரு கல்லும் அசையாது. ஏன்?

நியாயமான கேள்வி, ஐயா. அறிக்கை யாருடைய மேசைக்குப் போகவேண்டும் என்பதை அவர்கள் தீர்மானிக்காமல் வரைவதே காரணம். ஒரே சந்தியில் மூன்று நான்கு உரிமையாளர் இருப்பார்கள். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. ஏ9, பரந்தன் முல்லைத்தீவு ஏ35 எல்லாம் அதில் அடங்கும். சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. உள் ஒழுங்கைகள் பிரதேச சபைக்கு. பக்கத்தில் ஓடுவது வயல் வாய்க்கால் என்றால் அது நீர்ப்பாசனத் திணைக்களமா, கமநல அபிவிருத்தித் திணைக்களமா என்று பார்க்கவேண்டும். பொதுவாக 80 ஹெக்டேயருக்குக் குறைந்த வயலுக்குப் பாயும் சிறு குளங்கள் கமநலத்தின் கீழ். இதையெல்லாம் ஒரே 90 பக்க அறிக்கையில் கட்டிக் கொடுத்தால், வாங்குகிற ஒவ்வொருவரும் ‘இது எங்களுடையதில்லை’ என்றுதான் சொல்வார்.

எனவே ஒரு வேலைக்கு ஒரு பக்கம் கேளுங்கள். அதில் இடம், நீளம், இப்போதைய படம், செய்யவேண்டியது, அளவுகள், மதிப்பீட்டுத் தொகை, உரிமையுள்ள அலுவலகம், பராமரிப்பவர் என எட்டு விடயம் போதும். மதிப்பீட்டை மாணவர் போடட்டும். ஆனால் அந்த அலுவலகத்துத் தொழினுட்ப உத்தியோகத்தர் நடப்பு விலைவிகிதத்தில் அதைத் திருத்தித் தரவேண்டும். சபைகளின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. பாதீட்டு வேலை அதற்கு மாதங்களுக்கு முன்னரே தொடங்கிவிடும். ஆகவே அந்தப் பக்கம் ஓகஸ்ட் மாதத்துக்குள் சபைக்குப் போய்ச் சேரவேண்டும். டிசம்பரில் கொடுத்தால் ஒரு வருடம் போய்விட்டது.

இன்னொன்று: மாணவர் நாடாவை எடுக்குமுன் சங்கத்தோடு ஒரு பக்க உடன்பாடு எழுதுங்கள். எந்தத் திகதியில் என்ன திரும்பி வரும், தமிழில் எத்தனை பிரதி, மூலக் கோப்பு யாரிடம் இருக்கும் என்பது அதில் வரவேண்டும். உங்கள் ஊரை அளந்த அளவு உங்கள் சங்க அலுமாரியில் இருக்கவேண்டும் என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

புதுக்குடியிருப்பு, தொழினுட்ப உத்தியோகத்தர்: ஒழுங்கைக்குக் குறுக்கே 600 மில்லிமீற்றர் ஹியூம் குழாய் (கொங்கிறீற் குழாய்) போதும் என்று மாணவர் வரைந்திருக்கிறார்கள். எப்படிச் சரிபார்ப்பது?

கணக்கைக் கேளுங்கள். நீர் வந்துசேரும் பரப்பு 10 ஏக்கர், ஏறக்குறைய 4 ஹெக்டேயர் என்று வைப்போம். தகரக் கூரையும் மண் முற்றமும் கலந்த இடத்துக்கு ஓட்டக் குணகம் (பெய்யும் மழையில் ஓடிவரும் பங்கு) 0.5, மழை மணிக்கு 60 மில்லிமீற்றர். மூன்றையும் பெருக்கி 360ஆல் வகுத்தால் செக்கனுக்கு 0.33 கனமீற்றர், அதாவது 330 லீற்றர். 600 குழாய் 1:200 சாய்வில் 430 லீற்றரைக் கடத்தும். புத்தகத்தில் அந்தச் சாய்வைப் பார்த்துத்தான் பெரும்பாலும் வரைவார்கள். இங்கே நிலம் தட்டை. 1:500 கிடைத்தாலே பெரிது. அதில் அதே குழாய் 270 லீற்றரைத்தான் கடத்தும். 750 குழாய் ஏறக்குறைய 500, 900 குழாய் 800. இதைத் தவிர, குழாய்க்குள் மண் படியும், பிளாஸ்ரிக் போத்தல் அடைக்கும். இரண்டு சிறு குழாயைவிட ஒரு பெரிய வாய் நல்லது. ஆழம் போதாவிட்டால் அகலமான பெட்டி மதகு.

சாய்வை மாணவரே அளக்கலாம். 20 மீற்றர் தெளிந்த ரியூப்பில் தண்ணீர் நிரப்பி இரு முனையையும் பிடித்தால், 4 சென்ரிமீற்றர் வித்தியாசம் என்றால் 1:500. உள்ளே ஒரு காற்றுக் குமிழ் நின்றாலும் அளவு பொய்யாகும். ஆகவே போன வழியே திரும்பி அளந்து, தொடங்கிய புள்ளியில் அதே அளவு திரும்பி வருகிறதா என்று பாருங்கள். மதகின் அடிமட்டத்தை மட்டும் பொறியியலாளர் லெவல் கருவியால் உறுதிப்படுத்தவேண்டும்.

அதோடு வீட்டுவீடாக ஒரு கேள்வி: 2018 டிசம்பர் வெள்ளம் எந்தச் சுவரில் எவ்வளவு உயரத்துக்கு நின்றது, எந்தப் பக்கமிருந்து வந்தது? கணக்கோடு அது ஒத்துவராவிட்டால் கணக்கைத்தான் மறுபடி பாருங்கள். பெரும்பாலும் உயர்த்திப் போட்ட வீதியோ ரயில் பாதையோ அணைபோல நின்று, நீர் வரும் பரப்பையே மாற்றியிருக்கும். கடைசியாக, தண்ணீர் எங்கே விழுகிறது? வயலுக்குள் என்றால் கமக்காரர் அமைப்பின் சம்மதமும் கமநல சேவை நிலையத்தின் அனுமதியும் முதலில். வயல் நீர் குழாய் வாயைவிட உயர்ந்து நின்றால் எந்த அளவுக் குழாயும் ஓடாது.

மொறட்டுவையில் படிக்கும் மாணவர்: செப்ரெம்பரில் இரண்டு கிழமை வர நினைக்கிறோம். குழுவில் பலர் சிங்களம் பேசுபவர்கள். மக்கள் சந்திப்பை எப்படி நடத்துவது?

செப்ரெம்பர் பிந்தியும் ஒக்ரோபரும் காலபோக விதைப்பு. மண்டபத்தில் ஆள் இருக்காது. இரண்டு கிழமையை உடைத்து, ஜூன் ஜூலையில் பத்து நாள் அளப்பதற்கும், நவம்பர் மழையில் மூன்று நாள் தண்ணீர் ஓடுவதைப் பார்ப்பதற்கும் வையுங்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் நாட்களை அண்டி முல்லைத்தீவுப் பக்கம் கூட்டம் போடாதீர்கள்.

பொதுநோக்கு மண்டபத்தில் 30 பேருக்கு மேல் வேண்டாம். மேசைக்கு ஆறு பேர், கேட்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குத் தனி மேசை, நேரத்தை அவர்களே சொல்லட்டும். படத்தில் எழுத்தெல்லாம் தமிழில் இருக்கவேண்டும். மொழிபெயர்ப்பவர் மேசைக்கு ஒருவர் வேண்டும். முழு மண்டபத்துக்கும் ஒருவர்தான் என்றால் பேச்சு அறுந்துபோகும். துறைசார்ந்தவர்கள் முதல் அரைமணி நேரம் தீர்வு சொல்லக்கூடாது. சொன்னால் அதற்குப் பிறகு எல்லோரும் ‘சேர் சொன்னது சரி’ என்றுதான் சொல்வார்கள். பள்ளிக்கூட வாசலை ஆராய்வதென்றால் காலை 6.45 முதல் 7.30 வரையும், மதியம் 1.15 முதல் 2.00 வரையும் 15 நிமிடத் துண்டுகளாக எண்ணுங்கள். சைக்கிளையும் உழவு இயந்திரத்தையும் தனித்தனி நிரலில்.

மல்லாவி, சக்கர நாற்காலி பாவிப்பவர்: சாய்தளம் போட்டிருக்கினம், ஏற ஏலாமல் கிடக்கு.

சாய்வு 1:12க்குக் கூடியிருக்கும். படி 15 சென்ரிமீற்றர் என்றால் சாய்தளம் 1.8 மீற்றர் நீளம், 45 என்றால் 5.4 மீற்றர். அகலம் 1.2, மேலும் கீழும் திரும்ப 1.5 மீற்றர் தட்டையான இடம். அடுத்த பிழை அடிவாரத்தில் கிரவல். சில்லு புதையும், அந்த இடத்தையும் கொங்கிறீற் போடவேண்டும். கான் மூடியின் இடைவெளி 13 மில்லிமீற்றருக்குள், நடக்கும் திசைக்குக் குறுக்காக. வரைபடம் முடியுமுன் உங்களைக் கூப்பிட்டு ஏறிப்பார்க்கச் சொல்வது மாணவர் கடமை, போக்குவரத்துச் செலவோடு.

துணுக்காய், ஆசிரியர்: வீதியோர நிழலுக்கு என்ன மரம்?

வேம்பு, புங்கை, இலுப்பை. கான் ஓரம் ஈரமாக இருந்தால் மருது. இடைவெளி 8 மீற்றர், மின்கம்பிக்குக் கீழே வேண்டாம். கன்று பட்டுப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் மாடும் முதல் இரண்டு கோடையும்தான். கூடு போடுங்கள், ஒவ்வொரு கன்றுக்கும் தண்ணீர் விடுபவரின் பெயரைப் பட்டியலில் எழுதுங்கள்.

மாங்குளம், பொறியியலாளர்: மாணவர் வரைபடத்தில் நான் கையொப்பமிடலாமா?

நீங்கள் சரிபார்க்காத எதிலும் இடவேண்டாம். எல்லாத் தாளிலும் ‘கருத்து வரைபு, கட்டுமானத்துக்கு அல்ல’ என்று இருக்கட்டும். மதகு, தாங்குசுவர், கூரை போன்றவற்றை மாணவரின் தாள் தொகுப்பிலிருந்து பிரித்து, நீங்களே கணக்கிட்டுத் தனித் தாளாகக் கையொப்பமிடுங்கள். கல்விப் பருவத்துக்கு நான்கு சந்திப்பு ஒப்புக்கொள்ளுங்கள்: இடம் தெரியும்போது, அளந்தபின், மாற்று வரைவுகள் மூன்று வந்தபின், கையளிக்கும் நாளில். இரண்டாவதைத் தவறவிடாதீர்கள். பிழையான மட்டம் அந்த நாளில்தான் பிடிபடும். அதற்குப் பிறகு மாணவர் வரைவது எல்லாம் அந்தப் பிழையின் மேல்தான் ஏறி நிற்கும்.