‘டிட் வென்ட்’ ஏன் தவறு? தொடக்கநிலை ஆங்கிலம்: கேள்வி பதில்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நான் நடத்தும் மாலை வகுப்புக்கு வருபவர்களில் பலரும் வேலை முடிந்த கையோடு நேராக வருகிறவர்கள். அவர்களிடம் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள்கூட ஆங்கிலம் என்றதும் தெருவில் பேசும் மலாயின் அச்சில்தான் வாக்கியம் அமைக்கிறார்கள். தமிழில் யோசித்தால் சில சிக்கல்கள் தானாக அவிழும். எல்லாச் சிக்கல்களும் அவிழாது. எது அவிழும், எது அவிழாது என்று கீழே பாருங்கள்.

வணக்கம் டீச்சர். நான் ‘ஐ டிட் நாட் வென்ட்’ என்றால் என் மகன் திருத்துகிறான். போகாதது நேற்றுதானே, ‘வென்ட்’ சொன்னால் என்ன தப்பு? – கிளினிக் பணியாளர், செந்தூல்

மகன் சொல்வது சரிதான். ஆனால் உங்கள் கேள்வியும் நியாயமான கேள்வி, அக்கா. ‘நேற்று கோயிலுக்குப் போனேன்’ என்பதை இல்லை என்று மாற்றிச் சொல்லுங்கள். ‘போனேன் இல்லை’ என்றா வருகிறது? ‘போகவில்லை’ என்றுதானே வாயில் வருகிறது? ‘போனேன்’ என்பதில் இருந்த இறந்தகாலம் கழன்றுபோய், வெறும் ‘போக’ நிற்கிறது. ஆங்கிலமும் இதையே செய்கிறது. காலத்தை ‘டிட்’ சுமந்துகொள்கிறது, அதனால் ‘வென்ட்’ மறுபடி ‘கோ’ ஆகிவிடுகிறது.

வகுப்பில் வெண்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் ‘வந்தேன் – வரவில்லை, சாப்பிட்டேன் – சாப்பிடவில்லை’ என்று எழுதுவேன். வலப்பக்கம் ‘கேம் – டிட் நாட் கம், ஏட் – டிட் நாட் ஈட்’. மூன்றாவது வரியை நான் எழுதுவதற்குள் பின்வரிசையிலிருந்து குரல் வந்துவிடும். நீங்களும் ஒரு தாளில் பத்து வினைச்சொற்களை இப்படி எழுதிப் பாருங்கள்.

கேள்வி கேட்கும்போது மட்டும் தமிழ் கைகொடுக்காது. ‘போனாயா?’ என்பதில் இறந்தகாலம் அப்படியே இருக்கிறது, ஆங்கிலத்திலோ அங்கேயும் ‘டிட் யூ கோ?’ தான். இன்னொன்று: ‘வாஸ்’, ‘வேர்’ இரண்டோடும் டிட் சேராது. ‘ஐ வாஸ் நாட் தேர்’ என்பதே சரி.

இந்த ஆண்டு எஸ்பிஎம் (மலேசிய இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வு) எழுதுகிறேன். அதன் ஆங்கிலப் பாடமான 1119-இன் பயிற்சித்தாளில் ‘அன் யுனிவர்சிட்டி’ என்று எழுதினேன், தவறு என்று வந்தது. ‘யூ’ உயிரெழுத்து இல்லையா? – படிவம் ஐந்து மாணவி, கெப்போங்

‘ஒரு மரம்’, ‘ஓர் ஊர்’ என்று தமிழ்ப்பள்ளியில் படித்திருப்பாய், அம்மா. ‘எ’, ‘அன்’ இரண்டுக்கும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். ஆனால் ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று, ஒலி வேறொன்று. அதனால் சொல்லின் ஸ்பெல்லிங்கைப் பார்க்காதே. அதன் உச்சரிப்பைத் தமிழில் எழுதிப் பார். முதலில் உயிரெழுத்து வந்தால் ‘அன்’, உயிர்மெய் வந்தால் ‘எ’.

‘யுனிவர்சிட்டி’ ‘யு’வில் தொடங்குகிறது, அதனால் ‘எ’. மணிநேரத்தைக் குறிக்கும் சொல்லில் எச் எழுத்து இருந்தாலும் நாம் சொல்வது ‘அவர்’, அதனால் ‘அன் அவர்’. ‘எல்ஆர்டி’ (நகர ரயில்), ‘எம்சி’ (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) இரண்டும் ‘எ’ என்ற உயிரெழுத்தின் ஒலியில் தொடங்குவதால் ‘அன் எல்ஆர்டி ஸ்டேஷன்’, ‘அன் எம்சி’. ஒருவழிச் சாலை ‘வன்வே’ என்று ஒலிப்பதால் ‘எ வன்வே ஸ்ட்ரீட்’.

‘ஐ ஹங்க்ரி’, ‘மை சன் இஸ் ஃபீவர்’ என்று சொல்லிவிடுகிறேன். எங்கே ‘ஏம்’, எங்கே ‘ஹேவ்’? – இரண்டு பிள்ளைகளின் அம்மா, செராஸ்

‘நான் நர்ஸ்’ என்றால் தமிழில் வாக்கியம் முடிந்துவிட்டது. மலாயில் ‘சாயா லாப்பார்’ (எனக்குப் பசி) என்றாலும் முடிந்துவிட்டது. நடுவில் எதுவும் தேவையில்லாத இரண்டு மொழிகளைப் பேசிப் பழகியதால் ‘ஏம்’ விட்டுப்போகிறது. ஆங்கிலத்தில் வினைச்சொல் இல்லாமல் வாக்கியம் நிற்காது.

‘எனக்குப் பசி’, ‘எனக்குத் தலைவலி’ இரண்டும் தமிழில் ஒரே அமைப்பு. ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரியும். பசி, தாகம், களைப்பு போல ஆள் இருக்கும் நிலையைச் சொன்னால் ‘ஐ ஏம் ஹங்க்ரி’, ‘ஐ ஏம் டயர்ட்’. நோயின் பெயரைச் சொன்னால் ‘ஐ ஹேவ் எ ஹெடேக்’, ‘மை சன் ஹேஸ் எ ஃபீவர்’. கிளினிக் கவுண்டரில் இந்த ஒரு வாக்கியம் தெளிவாக வந்தாலே அடுத்தது சொல்லத் தைரியம் வந்துவிடும்.

‘பாரோ மீ யுவர் பென்’ சரியா? – கடை ஊழியர், பிரிக்பீல்ட்ஸ்

தவறு. பேச்சு மலாயில் ‘பிஞ்சாம்’ என்ற ஒரு சொல்லே இரண்டு பக்கமும் ஓடுகிறது. தமிழில் இரவல் வாங்குவது வேறு, இரவல் கொடுப்பது வேறு. வாங்குவது பாரோ, கொடுப்பது லெண்ட். ‘லெண்ட் மீ யுவர் பென்’ என்று கேளுங்கள்.

பெண் டாக்டரைப் பற்றிப் பேசும்போதும் ‘ஹீ’ என்று வந்துவிடுகிறது. வெட்கமாக இருக்கிறது. – வரவேற்பாளர், பங்சார்

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டாக்டரை ‘அவர்’ என்று மரியாதையாக நினைக்கிறீர்கள். ‘அவர்’ ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது, மலாயில் ‘டியா’வும் அப்படியே. ஆங்கிலத்தில் ‘ஷீ’ என்பதற்குள் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. வாய் திறக்கும் முன் மனதுக்குள் மட்டும் ‘அவன்’, ‘அவள்’ என்று பிரித்துக்கொள்ளுங்கள். சில வாரங்களில் பழகிவிடும்.

‘ஹீ கம்’ என்பதில் ‘எஸ்’ போட மறந்துபோகிறது.

வருகிறேன், வருகிறாய், வருகிறாள், வருகிறார்கள் என்று ஆளுக்கு ஆள் வினையை மாற்றுகிறவர் நீங்கள். ஆங்கிலம் நிகழ்காலத்தில் கேட்பது ஹீ, ஷீ, இட் மூன்றுக்கும் ஓர் ‘எஸ்’ மட்டுமே: ‘ஹீ கம்ஸ்’. இல்லை என்று சொல்லும்போது அந்த எஸ்ஸை ‘டஸ்’ எடுத்துக்கொள்ளும்: ‘ஹீ டஸ் நாட் கம்’. முதல் கேள்வியில் ‘டிட்’ செய்த அதே வேலைதான்.

அட், ஆன், இன் மூன்றும் குழப்புகின்றன. – பத்துமலை வாசகர்

மலாயில் மணி, கிழமை, மாதம் எல்லாவற்றுக்கும் ‘பாடா’ ஒன்றே போதும். தமிழில் சொல்லிப் பாருங்கள், ஐயா: ஐந்து மணிக்கு, திங்கட்கிழமை, ஜனவரியில். மூன்றும் மூன்று விதம். ‘மணிக்கு’ என்றால் அட், வெறும் கிழமை என்றால் ஆன், ‘மாதத்தில்’ என்றால் இன். ‘தைப்பூசம் ஃபால்ஸ் இன் ஜனவரி ஆர் ஃபெப்ரவரி’. ‘இன் த மார்னிங்’, ‘அட் நைட்’ ஆகியவை இந்தக் கணக்கில் அடங்காதவை. அவற்றை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.