துணி டயப்பர்: கசிவும் நெடியும் ஏன்?

கேள்வி: நான்கு மாதக் குழந்தைக்கு, உள்ளே பை வைத்துத் தைத்த ‘பாக்கெட்’ வகைத் துணி டயப்பர் ஆறு வாங்கினேன். ஒரு மணி நேரத்திலேயே தொடையோரம் கசிகிறது. பெரிய சைஸ் வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம். முதலில் அந்தப் பைக்குள் செருகும் இன்செர்ட்டை, அதாவது ஈரத்தை உறிஞ்சும் துணியை, பாருங்கள். புதுப் பருத்தியில் இயற்கையான எண்ணெய்ப்பசை இருக்கும். அதன்மேல் ஒரு ஸ்பூன் தண்ணீர் விடுங்கள். முத்து முத்தாக நின்று ஓரமாக வழிந்தால் அது இன்னும் பழகவில்லை. ஓர் இரவு ஊறவைத்து, ஐந்தாறு தடவை துவைத்துக் காயவைத்தால் உறிஞ்சத் தொடங்கும்.

இன்செர்ட் மைக்ரோஃபைபர் என்னும் மெல்லிய செயற்கை இழைத் துணி என்றால், வேகமாக உறிஞ்சும். அழுத்தம் பட்டால் அதே வேகத்தில் விட்டுவிடும். குழந்தையை இடுப்பில் தூக்கியதும் உங்கள் புடவை நனைவது இதனால்தான். அதற்கு அடியில் ஒரு பருத்தி இன்செர்ட்டையும் சேர்த்துச் செருகுங்கள். மைக்ரோஃபைபர் தோலில் நேராகப் படக் கூடாது. தோலின் ஈரப்பசையையும் இழுத்துவிடும்.

அடுத்து, மாட்டும் விதம். காலோர எலாஸ்டிக் தொடையின் நடுவில் அல்ல, ஜட்டி அமரும் மடிப்பில் உட்கார வேண்டும். உள்துணி ஒரு நூல் வெளியே எட்டிப் பார்த்தாலும் அதன் வழியே ஈரம் சட்டைக்கு ஏறும். வயிற்றருகே இரண்டு விரல் நுழைய இடம் இருக்கட்டும். கசியாவிட்டாலும் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மலம் போனால் உடனே.

கேள்வி: துவைத்துக் காய்ந்த டயப்பர்கூட, குழந்தை சிறுநீர் கழித்ததும் நெடி அடிக்கிறது. எங்களுக்குப் போர் தண்ணீர். கட்டி சோப்பில் துவைக்கிறோம்.

பதில்: காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுக்காகி இழைகளில் படிகின்றன. அழுக்கும் சிறுநீரும் அதில் தங்கிவிடுவதால்தான் அம்மோனியா நெடி. சலவைத்தூளுக்கு மாறுங்கள். முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு 40 முதல் 60 டிகிரி வெந்நீரில் துவைத்து, நுரை தெரியாமல் போகும்வரை அலசுங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் அறவே கூடாது. அது உறிஞ்சும் திறனைக் கெடுக்கும். துத்தநாகக் களிம்பு பூசும் நாளில் தோலுக்கும் டயப்பருக்கும் நடுவே ஒரு மெல்லிய பருத்தித் துணி போடுங்கள். இன்செர்ட்டை வெயிலிலும், நீர் புகாத கவரை நிழலிலும் காயவையுங்கள். கவரை இஸ்திரி போட்டால் உள்பூச்சு உரிந்துவிடும்.

கேள்வி: அடுத்த மாதம் பிரசவம். எந்த வகை வாங்கலாம்? பழைய வேட்டியே போதும் என்கிறார் மாமியார்.

பதில்: மாமியார் சொல்வதே சரி. பட்டனால் அளவு மாற்றும் டயப்பர்கள் பெரும்பாலும் 5 கிலோவுக்கு மேல்தான் பொருந்தும்; பிறந்த குழந்தையின் மெல்லிய தொடையில் இடைவெளி விடும். பல தடவை துவைத்த வேட்டியைப் பழக்க வேண்டியதே இல்லை. சுமார் 70 சென்டிமீட்டர் சதுரமாக 24 துண்டுகள் வெட்டி ஓரம் தையுங்கள். பச்சைக் குழந்தைக்கு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை மாற்ற வேண்டியிருக்கும். மேலே போட சிறிய கவர் ஐந்தாறு போதும். மலம் படாவிட்டால் துடைத்து மறுபடி போடலாம். எல்லாம் சேர்த்துத் தைத்த தடித்த வகை மழைக்காலத்தில் லேசில் காயாது. விரித்துப் போட்ட ஒற்றைத் துணி, மின்விசிறிக் காற்றிலேயே காய்ந்துவிடும். தொப்புள்கொடி விழும்வரை முன்பக்கத்தைத் தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்டுங்கள்.