ராத்திரி அடித்த குவார்ட்டர் காலையில் எவ்வளவு மிச்சம்?

கேள்வி: இரவு 11 மணிக்கு ஒரு குவார்ட்டர். காலை 5 மணிக்குக் குளித்து, மோர் குடித்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன். ஊதச் சொன்னார்கள், மாட்டிக்கொண்டேன். ஆறு மணி நேரத் தூக்கம் போதாதா?
– வாசகர், திருப்பூர்

பதில்: போதாதுங்க. 180 மில்லி பிராந்தியில் 42.8 சதவீதம் ஆல்கஹால். எடையில் சுமார் 61 கிராம். 70 கிலோ எடையுள்ள ஆணுக்கு இது 100 மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய 125 மில்லிகிராம் ஆகும். ஒல்லியானவர்களுக்கும் பெண்களுக்கும் இன்னும் கூடும். ஈரல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் குறைக்கும். 6 மணி நேரத்தில் 90 போனாலும் 35 நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவு விதித்த வரம்பு 30. குளியலும் மோரும் தூக்கக் கலக்கத்தைப் போக்கும், ஈரலை வேகப்படுத்தாது. முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். குவார்ட்டர் அடித்தால் மறுநாள் காலை பஸ்ஸில் போங்கள்.

கேள்வி: குடிக்காதவர் ஊதினாலும் கருவி தவறாகக் காட்டுமா?
– வாசகி, மதுரை

பதில்: காட்டும். நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் 2,100 மில்லி மூச்சில் உள்ள ஆல்கஹால், 1 மில்லி ரத்தத்தில் உள்ளதற்குச் சமம் என்ற கணக்கில்தான் கருவி ஓடுகிறது. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷால் அப்போதுதான் கொப்பளித்திருந்தால் வாயில் ஒட்டியிருப்பதையும் சேர்த்து எண்ணிவிடும். 15 நிமிடம் எதுவும் வாயில் போடாமல் இருந்து, புதுக் குழல் மாட்டி, நிறுத்தாமல் ஊதினால் அது மறைந்துவிடும். ரத்தம் எடுக்கும்போதும் கவனம் வேண்டும்: தோலை ஸ்பிரிட்டால் துடைக்கக் கூடாது. சோடியம் ஃபுளோரைடு போட்ட குழாயில்தான் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமிகள் ரத்தச் சர்க்கரையை நொதிக்க வைத்து, குழாய்க்குள்ளேயே ஆல்கஹால் உண்டாக்கிவிடும்.

கேள்வி: பாரில் சப்ளையராக இருக்கிறேன். வாடிக்கையாளருக்கு அளவு மீறாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?
– வாசகர், சென்னை

பதில்: கண்ணளவில் ஊற்றாதீர்கள், 30 மில்லி அளவுக் குவளை வையுங்கள். ஒரு லார்ஜ், அதாவது 60 மில்லியே, மேலே சொன்ன 70 கிலோ ஆளை 40 மில்லிகிராமுக்கு மேல் ஏற்றிவிடும். வண்டி ஓட்டுபவருக்கு அதுவே வரம்புக்கு மேல். பாதி கிளாஸ் இருக்கும்போது மேலே ஊற்றினால் கணக்குத் தப்பும். மேசைக்கு அல்ல, ஆளுக்கு ஆள் எண்ணுங்கள். வெறும் வயிறு என்றால் சாப்பாடு முதலில். நாக்கு குழறினால் எல்லோர் முன்னும் மறுக்காமல், கூட வந்தவர்களில் நிதானமாக இருப்பவரைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள்: அடுத்த பெக் இல்லை, சாவி உங்களிடம் இருக்கட்டும், ஆட்டோவுக்கு நான் சொல்கிறேன் என்று.