பதில்: எடுத்து வைத்த தாய்ப்பாலை மட்டும் துப்புகிறாள்

எடுத்து வைத்த பாலைத் துப்புகிறாளே, இன்னொரு பாட்டில் வாங்கிப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாங்க வேண்டாம். நேரடியாக நன்றாகக் குடிக்கும் நாலு மாதக் குழந்தை, ஃபிரிட்ஜில் வைத்த பாலை மட்டும் துப்புகிறாள் என்றால் பாலின் ருசியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

தாய்ப்பாலில் கொழுப்பை உடைக்கும் லைபேஸ் என்ற நொதி உண்டு. சிலருடைய பாலில் அது ஃபிரிட்ஜுக்குள்ளும் சும்மா இருக்காது. சோப்பு வாடை வந்துவிடும். அதனால் பால் கெட்டுவிட்டதாக அர்த்தமில்லை, மகாராணிக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

1. இன்று எடுத்த உடனே ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். காலையில் அதே பாலை மறுபடி.

2. வாடை மாறியிருந்தால், இனி எடுத்தவுடன் அடுப்பில் வைத்து, ஓரத்தில் சின்னக் குமிழ் கட்டும்போதே இறக்கிவிடுங்கள். கொதிக்கக் கூடாது. ஐஸ் தண்ணீரில் பாத்திரத்தை வைத்து ஆற்றி, பிறகு ஃபிரிட்ஜ். ஏற்கெனவே வாடை வந்த பாலைச் சூடாக்கிப் பயனில்லை. சூட்டில் சில நல்ல சத்தும் குறையும் என்பதால், சேமிக்கிற பாலுக்கு மட்டும் இது.

வாடையே இல்லையா? அப்போது பாட்டில் நிப்பிள் பிடிக்காமல் இருக்கலாம். உங்கள் அம்மாவிடம் பாலாடையை (பால் புகட்டும் மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) கொடுத்துவிட்டு நீங்கள் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்துப் பிடித்து, கீழ் உதட்டில் பாலாடையை ஒட்டி வைத்தால் அவளே உறிஞ்சுவாள். வாய்க்குள் ஊற்றக் கூடாது, புரையேறும்.

ஒரு நாளில் ஆறு முறைக்குக் குறைவாகச் சிறுநீர் போனாலோ, உச்சிக்குழி உள்வாங்கினாலோ, காய்ச்சலோடு சோர்ந்து கிடந்தாலோ இதையெல்லாம் விட்டுவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள். யார் சொன்னாலும் சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம்.