வாசகர் கேள்வி–பதில்: மாலை ஆறே முக்கால் மணி

கேள்வி: இங்கிலாந்தில் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, அடுத்த வீட்டுப் பெரியவர் ஒருவர், தம் பள்ளிப் பருவத்தில் ‘டிக் பார்ட்டன்’ தொடங்கும் நேரத்தில் தெருவில் ஒரு பையனைக்கூடப் பார்க்க முடியாது என்றார். யார் அந்த டிக் பார்ட்டன்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: பிபிசியின் ‘லைட் புரோகிராம்’ அலைவரிசையில் 1946 அக்டோபர் முதல் 1951 மார்ச் வரை, வார நாட்களில் மாலை 6.45 மணிக்குக் கால் மணி நேரம் ஒலிபரப்பான சாகசத் தொடரின் நாயகன் அவர். போரில் கமாண்டோவாகப் பணியாற்றி ஊர் திரும்பியவர், இரண்டு கூட்டாளிகளோடு சதிகாரர்களைத் துரத்துவார். ஒவ்வொரு நாளும் அவர் உயிர் ஊசலாடும் இடத்தில் கதை நின்றுவிடும். உச்சத்தில் ஒன்றரைக் கோடிப் பேர் கேட்டார்கள் என்று கணக்கிடப்பட்டது. விட்டதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்பதற்குச் சனிக்கிழமைக் காலைத் தொகுப்பைத் தவிர வேறு வழி இல்லை. ஆகவே அந்தப் பெரியவர் சொன்னதில் மிகை இருந்தாலும் சிறிதளவே இருக்கும்.

பெரியவர்களை மனத்தில் வைத்துத் தொடங்கிய இத்தொடரைச் சிறுவர்கள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். அதன் விளைவாக, நாயகன் குடிக்கக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது, காதல் விவகாரங்களில் ஈடுபடக் கூடாது என்று பிபிசி எழுத்தாளர்களுக்கு விதிமுறைகளே வகுத்துக் கொடுத்தது. போர்க்களத்திலிருந்து வந்த வீரனைப் பள்ளி மானிட்டராக மாற்றிய இந்த விதிகளால் அவன் புகழ் குறைந்ததாகத் தெரியவில்லை என்பதுதான் வியப்பு.

அவனை வீட்டுக்கு அனுப்பியது ஒரு விவசாயக் குடும்பம். 1948இல் பர்மிங்காமில் பிபிசி நடத்திய கூட்டம் ஒன்றில், எங்களுக்கும் ஒரு விவசாய டிக் பார்ட்டன் வேண்டும் என்று ஒரு விவசாயி கேட்டார். உணவு ரேஷனில் இருந்த நாட்டில் விளைச்சலைப் பெருக்கும் யோசனைகளைக் கதைக்குள் வைத்துச் சொல்லலாம் என்ற எண்ணத்தில் ஆர்ச்சர் என்ற விவசாயக் குடும்பத்தின் கதையான ‘தி ஆர்ச்சர்ஸ்’ உருவானது. 1951 ஜனவரி முதல் நாள் நாடு முழுவதும் தொடங்கிய அத்தொடர், அதே ஆண்டு டிக் பார்ட்டனின் மாலை நேரத்தையும், அவனை எழுதிய மேசன், வெப் என்ற இரு எழுத்தாளர்களையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. சாகசம் போய் மாட்டுப் பண்ணை வந்ததைப் பல சிறுவர்கள் மன்னிக்கவே இல்லை. ‘தி ஆர்ச்சர்ஸ்’ தொடரோ இன்றும் ஒலிபரப்பாகிறது.

கேள்வி: மின்சாரம் வராத வீடுகளில் வானொலி எப்படி இயங்கியது?
– வாசகி, காரைக்குடி

பதில்: அக்குமுலேட்டரால். கண்ணாடிக் கலத்தில் கந்தக அமிலமும் ஈயத் தகடுகளும் கொண்ட இரண்டு வோல்ட் மின்கலம் அது. வானொலிக்குள் இருந்த வால்வுகள் என்ற கண்ணாடிக் குழல்களைச் சூடாக்குவது அதன் வேலை. இதனுடன் உயர் மின்னழுத்தத்துக்கென்று ஒரு பெரிய உலர் மின்கலமும் தேவைப்பட்டது. அக்குமுலேட்டர் தீர்ந்துபோனதும் அதைக் கடைக்குக் கொண்டுபோய்ச் சார்ஜுக்குக் கொடுத்துவிட்டு, முன்பே கொடுத்திருந்த மற்றொன்றை வாங்கி வர வேண்டும். பெரும்பாலும் இந்த வேலை வீட்டுப் பிள்ளைகள் தலையில்தான் விழுந்தது. அமிலம் சிந்தினால் காற்சட்டை ஓட்டையாகும். மறந்துபோனால் அன்றைய நாடகம் பாதியில் மங்கி அடங்கும். வானொலியைக் கேட்காதபோது அணைத்து வைக்க வேண்டும் என்ற கண்டிப்பும் இதனால் வந்ததே. எதைக் கேட்பது என்று வீடே கூடித் தீர்மானித்து, அந்த நிகழ்ச்சிக்காக மட்டும் திருகைத் திருப்பிய குடும்பங்கள், நாள் முழுதும் வானொலியை ஓடவிட்ட குடும்பங்களைவிடக் கூர்ந்து கேட்டிருக்கும் என்பது என் எண்ணம்.

அந்நாளில் வானொலி வைத்திருக்க உரிமமும் எடுக்க வேண்டியிருந்தது. ஆண்டுக்குப் பத்து ஷில்லிங்காக இருந்த கட்டணம் 1946இல் ஒரு பவுண்டாக உயர்ந்தது.

கேள்வி: பொம்மையைப் பேசவைக்கும் கலைஞர் ஒருவர் வானொலியில் புகழ்பெற்றார் என்பது உண்மைதானா? உதடு அசைகிறதா என்று யார் பார்த்தார்கள்?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: முழு உண்மை. பீட்டர் புரோ என்பவர் ஆர்ச்சி ஆண்ட்ரூஸ் என்ற பொம்மையுடன் 1950இல் தொடங்கிய ‘எஜுகேட்டிங் ஆர்ச்சி’ பெரும் வெற்றி பெற்றது. பின்னாளில் பெரும்புகழ் பெற்ற டோனி ஹான்காக்கும், அப்போது சிறுமியாக இருந்த ஜூலி ஆண்ட்ரூஸும் அதில் நடித்தவர்கள். யாரும் பார்க்காதது புரோவுக்கு நல்லதாகவே முடிந்தது. பின்னர் தொலைக்காட்சியில் தோன்றியபோது அவருடைய உதடுகள் அசைவது எல்லோருக்கும் தெரிந்துபோனது.

கேள்வி: வானொலி நேரம் போக, அக்காலப் பிள்ளைகள் என்ன விளையாடினார்கள்?
– வாசகி, சேலம்

பதில்: கோலி, பாண்டி, கயிறு தாண்டுதல் என்று நமக்குத் தெரிந்தவையே பல. தெருவில் கார்கள் குறைவு என்பதால் சுவரில் கரிக்கோடு போட்டால் கிரிக்கெட் ஸ்டம்பு ஆகிவிடும். நகரங்களில் குண்டுவீச்சில் இடிந்த வீடுகளின் மனைகள், தாய்மார்கள் எவ்வளவு தடுத்தும், விளையாட்டுத் திடல்களாயின. உலோகப் பொம்மைகளின் தயாரிப்பு 1942இல் தடை செய்யப்பட்டிருந்ததால், போர் முடிந்த முதல் சில ஆண்டுகளில் அண்ணன்மார் வைத்துவிட்டுப் போன பழைய மெக்கானோ (உலோகத் துண்டுகளைத் திருகாணியால் இணைத்து உருவங்கள் செய்யும் பொம்மை) பெட்டிதான் பலருக்கும் கிடைத்தது.

இலையுதிர் காலத்தில் ‘கான்கர்’ விளையாட்டு வரும். குதிரைச் செஸ்நட் மரத்தின் பளபளப்பான பழுப்பு விதையைத் துளையிட்டுக் கயிற்றில் கோத்து, எதிராளி தொங்கவிட்டிருக்கும் விதையை ஓங்கி அடித்து உடைக்க வேண்டும். உடைத்தவனுக்கு ஒரு வெற்றி. உடைந்த விதை அதுவரை பெற்றிருந்த வெற்றிகளும் அவன் கணக்கிலேயே சேரும். வினிகரில் ஊறவைத்தும் அடுப்பில் வாட்டியும் விதையைக் கெட்டிப்படுத்துவது கள்ளாட்டம் என்பது எல்லோருக்கும் தெரியும், செய்யாதவர்கள்தான் குறைவு.

இதைப் பொற்காலம் என்று சொல்லிவிட மனம் வரவில்லை. 1949 ஏப்ரலில் மிட்டாய்க்கு ரேஷனை நீக்கிய அரசு, கடைகள் காலியானதும் ஆகஸ்டில் மீண்டும் கொண்டுவந்தது. 1953 பிப்ரவரியில்தான் அந்தக் கூப்பன் ஒழிந்தது. ஒரு குழந்தைப் பருவத்தில் அது மிக நீண்ட காலம்.

கேள்வி: தொலைக்காட்சி வந்ததும் வானொலி உடனே ஓய்ந்ததா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: இல்லை. எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழா 1953 ஜூனில் தொலைக்காட்சியில் காட்டப்பட்ட பிறகும், அதே ஆண்டு தொடங்கிய ‘ஜர்னி இன்டு ஸ்பேஸ்’ என்ற விண்வெளி நாடகம் வானொலியில் பெரும் கூட்டத்தைக் கட்டிப்போட்டது. பிள்ளைகளைத் தூங்கவைக்கப் பெற்றோருக்கு வசதியாக மாலை 6 முதல் 7 வரை தொலைக்காட்சி ஒளிபரப்பே நிறுத்தப்பட்டிருந்ததும் வானொலிக்குச் சாதகமாயிற்று. 1957 பிப்ரவரியில் அந்த ஏற்பாடு முடிந்தது. 1922இல் தொடங்கிய ‘சில்ட்ரன்ஸ் அவர்’ என்ற சிறுவர் வானொலி நிகழ்ச்சி 1964இல் நிறுத்தப்பட்டது. ஐந்து வயதுக்கு உட்பட்டோருக்காக 1950இல் தொடங்கிய பிற்பகல் கதைநேரமான ‘லிசன் வித் மதர்’ மட்டும் 1982 வரை தாக்குப்பிடித்தது.