இரவல் தங்கம்

கேள்வி: லண்டன் அருங்காட்சியகங்கள் தங்களிடம் இருந்த அசாந்தே அரச நகைகளை மேற்கு ஆப்பிரிக்காவுக்கே அனுப்பி வைத்ததாகப் படித்தேன். பிரிட்டிஷாரின் பெருந்தன்மையைப் பாராட்ட வேண்டாமா? காட்டுக்குள் வாழும் ஒரு பழங்குடிக்கு இவற்றைப் பாதுகாக்கத் தெரியுமா? (வாசகர் ஒருவர், தஞ்சாவூர்)

பதில்: பாராட்டலாம் ஐயா. அதற்கு முன் அந்தச் செய்தியைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிடுங்கள். 2024-இல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 17 பொருள்களும் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 15 பொருள்களும் கானா நாட்டில், அசாந்தே அரசின் தலைநகரான குமாசிக்கு அனுப்பின. கொடுத்தது மூன்று ஆண்டு இரவலாக. வேண்டுமானால் இன்னும் மூன்று ஆண்டு நீட்டிக்கலாம். உங்கள் வீட்டு அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனவன், உங்கள் பெண் கல்யாணத்துக்கு அதை இரவல் கொடுத்துவிட்டு, "முடிந்ததும் கழுவித் திருப்பி அனுப்பு" என்றால் நீங்கள் பாராட்டுவீர்களா?

அண்டா போன கதையைச் சொல்கிறேன். கானா கடற்கரையில் எல்மினா கோட்டை டச்சுக்காரரிடமிருந்து 1872-இல் பிரிட்டிஷார் கைக்குப் போனது. அதை ஏற்காத அசாந்தே படை அடுத்த ஆண்டு கடற்கரை நோக்கி வந்தது. பதிலுக்கு, கார்னெட் வுல்ஸ்லி தலைமையில் பிரிட்டிஷ் படை 1874 பிப்ரவரி 4 அன்று குமாசிக்குள் நுழைந்தது. மன்னர் கோஃபி கரிகரி முன்னமே வெளியேறிவிட்டார். 1822-இல் கட்டிய கல் அரண்மனைக்குள் போன ஆங்கிலப் பத்திரிகையாளர்கள் கண்டது என்ன தெரியுமா? பல மொழிப் புத்தகங்கள், கடிகாரங்கள், பாரசீகக் கம்பளங்கள், வெள்ளிப் பாத்திரங்கள். கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு, அரண்மனையை வெடி வைத்துத் தகர்த்து, ஊரைக் கொளுத்திவிட்டு இரண்டே நாளில் கிளம்பிவிட்டார்கள். போதாததற்குப் போர்ச் செலவு என்று 50,000 அவுன்ஸ் தங்கம் கேட்டார்கள். ஏறத்தாழ ஒன்றரை டன்! கொள்ளையில் ஒரு பகுதி அதே ஆண்டு லண்டனில் ஏலத்துக்கு வந்தது. அருங்காட்சியகம் 'வாங்கியது' என்று சொல்வது இப்படி வாங்கியதைத்தான்.

அப்புறம் அந்தக் "காட்டுக்குள் வாழும் பழங்குடி." காடு உண்மைதான். மழைக்காடு. ஆனால் அந்தக் காட்டின் மண்ணிலும் ஆற்று மணலிலும் தங்கம் இருந்தது. மரத்தில், நம் ஊர்ப் பாக்கைப் போல மெல்லும் கோலாக்கொட்டை காய்த்தது. தங்கமும் கோலாவும் வடக்கே இஸ்லாமிய வணிகர்களிடம் போயின. தெற்கே கடற்கரைக் கோட்டைகளிலிருந்து துப்பாக்கி வந்தது. இரண்டு வழிகளும் சேரும் இடத்தில் குமாசி. 1701 வாக்கில் ஒசெய் டுட்டு என்ற மன்னரும் ஒக்கோம்ஃபோ அனோச்சே என்ற பூசாரியும் சிதறிக் கிடந்த சிற்றரசுகளைச் சேர்த்து, அதுவரை தாங்கள் கப்பம் கட்டிக்கொண்டிருந்த தெங்சிரா அரசையே தோற்கடித்து ஒரு பேரரசை நிறுத்தினார்கள். தலைநகரிலிருந்து எட்டுத் திக்கும் சாலை. அரசவையில் அரபியில் பதிவெழுத முஸ்லிம் அறிஞர்கள். சந்தையில் பணம் என்பது தங்கத்தூள். அதை நிறுக்கப் பித்தளையில் வார்த்த குட்டிக் குட்டி எடைக்கற்கள், மீனும் பறவையும் முதலையுமாக, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பழமொழி. பழங்குடி என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறீர்களே!

இவர்களைப் புனிதர்களாக்கவும் நான் தயாரில்லை. போரில் பிடித்தவர்களை அடிமைகளாக விற்றதில் அசாந்தே அரசுக்குப் பெரிய பங்கு உண்டு. துப்பாக்கி வந்த வழிகளில் அதுவும் ஒன்று. அதைச் சொல்லாமல் தங்கத்தை மட்டும் பேசினால் ஏமாற்று வேலை.

பொன் இருக்கையைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். வானத்திலிருந்து அனோச்சே இறக்கி ஒசெய் டுட்டுவின் மடியில் அமர்த்தினார் என்பது ஐதீகம். அசாந்தே மக்களின் உயிரே அதில் இருப்பதாக நம்பிக்கை. அதில் யாரும் உட்காருவதில்லை, மன்னர் உட்பட. அதற்கே தனியாக ஓர் ஆசனம் உண்டு. இது புரியாமல் 1900 மார்ச்சில் பிரிட்டிஷ் ஆளுநர் ஹாட்ஜ்சன், "அந்த இருக்கையில் நான் ஏன் உட்காரவில்லை? கொண்டுவாருங்கள்" என்ற தோரணையில் குமாசியில் பேசினார். மன்னர் பிரெம்பேயை நான்கு ஆண்டுகளுக்கு முன்பே பிடித்துக்கொண்டு போயாயிற்று, ஆண் தலைவர்கள் தயங்கினார்கள். எஜிசு என்ற சிற்றரசின் அரசத்தாய் யா அசாந்தேவா போருக்கு எழுந்தார். ஹாட்ஜ்சன் மனைவியோடு கோட்டைக்குள் முற்றுகையில் சிக்கி, ஜூனில் தப்பி ஓடினார். கடைசியில் பிரிட்டிஷார்தான் ஜெயித்தார்கள். யா அசாந்தேவா சேஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டு 1921-இல் அங்கேயே இறந்தார். இருக்கை மட்டும் கிடைக்கவே இல்லை, ஒளித்துவிட்டார்கள். 32 பொருள்களில் அது ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை.

ஒரு பெண் தலைமை தாங்கியது அங்கே அதிசயமும் இல்லை. குலம் தாய் வழியில் போகிறது. மன்னரின் மகனுக்கு அரியணை இல்லை, அரச குலத்துப் பெண்களின் வழியில் பிறந்தவருக்குத்தான். அடுத்தவர் யார் என்று பெயர் சொல்லும் உரிமை அரசத்தாய்க்கு.

இவர்கள் மரபு அரண்மனையோடு நிற்கவில்லை. குமாசியிலிருந்து 30 கிலோமீட்டர் தள்ளி பொசும்ட்வி ஏரி. சுமார் பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்து உண்டான பத்தரை கிலோமீட்டர் அகலப் பள்ளத்தில் தேங்கிய நீர். இரும்பு அந்தத் தண்ணீரில் படக்கூடாது என்பது மரபு. மீனவர்கள் ஒற்றைப் பலகையில் குப்புறப் படுத்து, கையாலேயே துழாவிக்கொண்டு போவார்கள். நகருக்கு இன்னொரு பக்கம் போன்விரே கிராமம், கெண்டே நெசவுக்குப் பேர்போனது. நான்கு அங்குல அகலத்தில் பட்டை பட்டையாக நெய்து, அருகருகே வைத்துத் தைத்து முழுத் துணியாக்குகிறார்கள். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது.

சரி, பாதுகாப்பு. குமாசியின் மன்ஹியா அரண்மனை அருங்காட்சியகம் 1995 முதல் நடக்கிறது. இரவல் நகைகளை அங்கேதான் வைத்தார்கள். லண்டனில் எப்படி? 2023 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அருங்காட்சியகமே, தன் சேமிப்பறையிலிருந்து பொருள்கள் திருட்டுப் போனதை ஒப்புக்கொண்டது. காணாமல் போனதும் சேதமானதுமாகக் கணக்கு 2,000-ஐத் தொட்டது. இயக்குநர் பதவி விலகினார். பாதுகாக்கத் தெரியுமா என்ற கேள்வியை எந்த ஊருக்கு அனுப்புவது?

"நிரந்தரமாகத் திருப்பிக் கொடுக்க எங்கள் நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கவில்லை" என்கிறார்கள் லண்டன்காரர்கள். 1963-இலும் 1983-இலும் போட்ட சட்டங்கள் அவை. போட்டதும் அவர்கள் நாடாளுமன்றம்தான், மாற்றக்கூடியதும் அதுதான். அதே 2024 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் ஃபவுலர் அருங்காட்சியகம் தன்னிடமிருந்த ஏழு அசாந்தே பொருள்களைக் குமாசிக்கு நிரந்தரமாகவே திருப்பிக் கொடுத்தது. இரவலும் இல்லை, தவணையும் இல்லை. பாராட்டுக் கடிதம் எழுதியே தீர வேண்டுமென்றால் அந்த முகவரிக்கு எழுதுங்கள்.